பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு மலை: ஒரு வெட்டித் திட்டம்

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், பைக் வைத்திருக்கிற கல்லூரிப் பையன்களுக்கு ஒரு காய்ச்சல் வந்துவிடும். எக்ஸெல்லைத் திறந்து இடதுபக்கம் ஜனவரி முதல் டிசம்பர் வரை அடிப்பார்கள். வலதுபக்கம் மலைகள். ஜனவரி கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவு. பிப்ரவரி வால்பாறை, 40. மார்ச் ஏற்காடு, 20. அதற்குப் பக்கத்தில் 'வழியில் விநோதம்' என்று ஒரு கட்டம் இருக்கும். கல் மரம், பெரிய குதிரைச் சிலை, பாழடைந்த பங்களா, இப்படி ஏதாவது ஒன்று. ஜூலை, ஆகஸ்ட் பக்கம் தேடினால் கல்வராயன் மலையும் ஒரு வரியாகக் கிடக்கும். "கரியாலூர் போட்டிங், மேகம் ஃபால்ஸ், பெரியார் ஃபால்ஸ், ஆறு மணிக்குள் ரிட்டர்ன்." அவ்வளவுதான். டிக் போட்டாச்சு.

சுற்றுவது தப்பில்லை. இருபது வயசில் சுற்றாமல் அறுபதிலா சுற்றுவது? ஆனால் இந்தத் திட்டம் தப்பு. ஒரு மலையை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் 'முடிக்கலாம்' என்று நினைக்கிறதே, அங்கேதான் கோளாறு.

முதலில் அந்த வளைவுக் கணக்கைப் பார்ப்போம். மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவு எதற்கு? பைக்கைச் சாய்த்து ஓட்டி வீடியோ எடுப்பதற்கு இல்லை. பாரம் ஏற்றிய லாரியும் ஆள் நிறைந்த பஸ்ஸும் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் சாலையை மடித்து மடித்துச் சாய்வைக் குறைக்கிறார்கள். மூட்டை கீழே போக வேண்டும், பிரசவ வலியில் இருப்பவர் கீழே போக வேண்டும், வாத்தியார் மேலே வர வேண்டும். சாலை போட்டதே அதற்குத்தான். வளைவை எண்ணி மலைக்கு மார்க் போடுகிறவர்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை படிக்கட்டு என்று எண்ணி 'சூப்பர் ஆஸ்பத்திரி' என்று சொல்வார்களா?

அடுத்தது விநோதம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னது. வயது சுமார் 12 கோடி வருஷம் என்கிறார்கள். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல். பட்டியல்காரர் அங்கே செலவழிப்பது நாலு நிமிஷம், அதில் மூன்று செல்ஃபிக்கு. ஜவ்வாது மலைக் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் வந்தது. தொலைநோக்கி ராத்திரியில் வேலை செய்கிற பொருள். "ஆறு மணிக்குள் ரிட்டர்ன்" ஆசாமிக்கு அங்கே தெரிவது வெள்ளை டூம் மட்டும்தான் :-) ராஜஸ்தானில் ஜோத்பூர் பக்கம் ஒரு புல்லட் பைக்கையே சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள், 'புல்லட் பாபா' என்று. அதைப் பார்க்க அவ்வளவு தூரம் ஓட்டிப் போகத் தயார். ஆனால் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிற நிஜமான விநோதம் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

அது என்ன என்றுதானே கேட்கிறீர்கள்?

இந்தியாவுக்குச் சுதந்திரம் 1947-இல். கல்வராயன் மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-இல். நடுவில் 29 வருஷம்! அதுவரை அந்த மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களாக இருந்தது. மலையாளி என்ற பழங்குடி மக்கள் (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்று அர்த்தம், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களே சொல்லும் வழக்கு) ஜாகிர்தாருக்கு வரி கட்டிக்கொண்டும் கூலியில்லாமல் உழைத்துக்கொண்டும் இருந்தார்கள். கீழே சமவெளியில் ஐந்தாண்டுத் திட்டம், அணை, மின்சாரம், தேர்தல், சினிமா எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. மேலே ஜாகிர்தார். 'வழியில் விநோதம்' கட்டத்தில் எழுத வேண்டியது இதைத்தான். இதற்குப் போர்டு கிடையாது, டிக்கெட் கவுண்டர் கிடையாது. அந்தக் காலத்தைப் பார்த்த தாத்தா பாட்டிகள் அங்கேயே உயிரோடு இருக்கிறார்கள். போட்டிங் முடித்துவிட்டு ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் திரும்புகிறவருக்கு அவர்கள் எப்படிக் கதை சொல்வார்கள்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். சாவு நடந்தது கீழே, நகரத்துக்குள். ஆனால் டிவியில் அடிபட்ட பெயர்களில் கல்வராயன் மலையும் ஒன்று. 'சாராய மலை' என்று ஒரே வார்த்தையில் முடித்தார்கள். அதற்கடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, இந்த மலைமக்களின் வாழ்நிலை பற்றி ஒரு வழக்கை எடுத்தது. முதலமைச்சரோ அமைச்சரோ நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றுகூட நீதிபதிகள் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள், ஒவ்வொரு வாரமும் நூறு பைக் ஏறி இறங்குகிற ஒரு மலைக்கு "யாராவது போய்ப் பாருங்களேன்" என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் அந்த நூறு பைக்கும் பார்த்தது என்ன?

சாலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேலூர் மாவட்டத்து அல்லேரி மலைக்குப் போக வேண்டும். 2023 மே மாதம் அங்கே பாம்பு கடித்து ஒன்றரை வயசுக் குழந்தை இறந்தது. உடலை மேலே கொண்டுபோக ஆம்புலன்ஸ் போகிற பாதை இல்லாமல், தாய் குழந்தையைச் சுமந்துகொண்டு நடந்தார். பைக் பட்டியலில் அல்லேரி வராது. அன்றைக்கு வளைவே இல்லையே, பாதை இருந்திருந்தால்தானே வளைவு.

இதற்கு வரும் பதில் தெரிந்ததுதான். "டூரிசம் வந்தால் மலைக்கு வருமானம் பாஸ்!" நல்ல வாதம். காமர்ஸ் படிக்கிற கூட்டத்துக்குக் கணக்குப் போட்டே காட்டலாம். பெட்ரோல் கள்ளக்குறிச்சியில் நிரப்பியது. பிரியாணி பார்சல் கச்சிராயபாளையத்தில் வாங்கியது. சிப்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் பையிலேயே வந்தது. மலையின் பேரேட்டைத் திறந்தால் வரவுப் பக்கம் இரண்டு டீ, ஒரு படகு டிக்கெட். அந்தப் பக்கத்தில் பிளாஸ்டிக், உடைந்த பாட்டில், சைலன்சரைக் கழற்றிய வண்டிச் சத்தம். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகுமா? சாமை ஒரு கிலோ வாங்கியவர் உண்டா? ஒரு ராத்திரி தங்கியவர் உண்டா? இந்தக் கேள்விக்கு எக்ஸெல்லில் கட்டமே இல்லை.

இன்னொரு பதிலும் வரும். "சாலை எல்லாருக்கும் பொது." சரிதான், பொதுதான். அதே சாலையில்தான் மரவள்ளி மூட்டை கட்டிய எக்ஸ்.எல். சூப்பர் உருமிக்கொண்டு ஏறுகிறது. உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள் ஓரமாக நடக்கிறார்கள். வளைவில் எதிர்ப்பக்கம் முழுக்க எடுத்துக்கொண்டு சாய்கிற பைக்குக்கு அவர்கள் குறுக்கே வந்தவர்கள். பொது என்ற வார்த்தை அங்கே எங்கே போகும்?

சரி, குறை மட்டும் சொன்னால் போதுமா, மாற்று என்ன என்று கேட்பீர்கள். பன்னிரண்டில் எட்டை அடித்துவிடுங்கள். ஒரே மலைக்கு நாலு தடவை. கல்வராயனே இருக்கட்டும். மே மாதம் ஒரு தடவை. கோடை விழா நடக்கும், அருவியில் தண்ணீர் நூலாக இருக்கும், அந்த நூலையும் பார்க்க வேண்டும். ஆடியில் ஒரு தடவை, சாமை விதைப்புக் காலம். ஐப்பசியில் ஒரு தடவை. கோமுகி ஆறு அந்த மலையில்தான் பிறக்கிறது, அடிவாரத்து அணையில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துவிட்டு மேலே போனால் எந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று புரியும் (மழையில் அருவியில் இறங்கக் கூடாது, அது வேறு). தையில் ஒரு தடவை, பனியோடு. இந்த நாலில் ஒன்றாவது பைக்கில் வேண்டாம், கள்ளக்குறிச்சியிலிருந்து அரசு பஸ்ஸில். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேசுவார், பைக்கில் காற்றுதான் பேசும். ஒரு ராத்திரியாவது வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ தங்க வேண்டும், ஒரு வேளையாவது அங்கே சாப்பிட வேண்டும்.

இரண்டாவது தடவை போகும்போது டீக்கடைக்காரருக்கு முகம் தெரியும். மூன்றாவது தடவை, "போன மழைக்கு வந்தீங்களே, அந்த இன்னொரு தம்பி எங்கே?" என்று அவரே கேட்பார்.

பி.கு: இவ்வளவுக்குப் பிறகும் பட்டியல்தான் என்று கிளம்புகிறவர்களுக்கு. இறங்கும்போது பிரேக்கையே அழுத்திக்கொண்டிருந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும், ஏறின கியரிலேயே இறங்குங்கள். வளைவுக்கு முன்னால் ஹாரன். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும், எதிரே வருவது மூட்டை கட்டிய எக்ஸ்.எல். ஆக இருந்தாலும்.