ஏலத்துக்கு முன் ஊரைக் கேளுங்கள்

"மேலே எதையும் தொடமாட்டோம், எல்லாம் பூமிக்கு அடியில்தான்" என்று சொல்லிச் சுரங்கத் திட்டம் கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். என் தாத்தா வடார்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போய், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். நான் இன்று கலிபோர்னியாவின் டப்ளினில் இருக்கிறேன். சிப் தயாரிக்கும் கருவிகளோடுதான் என் வேலை. சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய இணைப்புகளுக்கு டங்ஸ்டன் வேண்டும். அதனால் சுரங்கமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன்.

கடினப் பாறையில் நீர் வெடிப்புகளுக்குள் தங்கியிருக்கிறது. சுரங்கம் ஆழப் போகப் போக அது உள்ளே வடியும். ஆள் இறங்க வேண்டுமென்றால் இரவு பகலாக பம்ப் ஓடியாக வேண்டும். இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள கிணறுகளிலும் நீர் இறங்கும். எந்தக் கிணறு எவ்வளவு இறங்கும் என்பதைத் திட்டம் போடும்போதே, ஆழ்துளைகள் போட்டு, கோடையிலும் மழையிலும் நீர்மட்டம் அளந்து பார்த்துவிட வேண்டும். பாறையை அரைத்து உலோகம் பிரித்தபின் மிஞ்சும் மண்ணோ மேலேதான் வந்து குவியும். தங்கவயலில் 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாகப் போன சுரங்கங்களில் இன்று தண்ணீர் நிற்கிறது. சயனைடு கலந்த மண் மேடுகள் மூன்று கோடி டன்னுக்கு மேல் அப்படியே கிடக்கின்றன. காற்றுக் காலத்தில் அந்தப் புழுதி வீடுகளுக்குள் வருகிறது. தங்கம் போன இடத்துக்கு அந்த மேடு போகவில்லை.

டப்ளினிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், கிராஸ் வேலி என்ற ஊருக்கு. 1956இல் மூடிய ஐடஹோ-மேரிலாண்ட் தங்கச் சுரங்கத்தை மறுபடி திறக்க ரைஸ் கோல்டு என்ற நிறுவனம் 2019இல் மனுப் போட்டது. சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்து நெவாடா கவுண்டி நிர்வாகம் மக்கள் முன் வைத்தது. அங்கே பல வீடுகளுக்குச் சொந்தக் கிணறுதான் குடிநீர். கிணறு வற்றினால் யார் பொறுப்பு என்று மக்கள் அதிகாரிகளை நேருக்கு நேர் கேட்டார்கள். 2024 பிப்ரவரியில் நடந்த விசாரணையை நேரலையில் பார்த்தேன். கவுண்டி மன்ற உறுப்பினர்கள் ஐந்து பேரும் திட்டத்தை நிராகரித்தார்கள். வேறொரு சுரங்கத்துக்கு அதே மன்றம் சம்மதம் தரலாம். ஆனால் கேட்காமல் தர முடியாது.

மதுரை மாவட்டத்தின் மேலூர்ப் பக்கம் நடந்தது வேறு. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதி, 2,015 ஹெக்டேர், ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலம் போனது என்ற செய்தி 2024 நவம்பரில் வெளிவந்த பிறகுதான் பெரும்பாலான விவசாயிகளுக்குத் தங்கள் வயல் அதற்குள் இருப்பதே தெரிந்தது. அரிட்டாபட்டி அந்தப் பகுதியில்தான் வந்தது. பாண்டியர் காலக் குடைவரையும் சமணர் படுக்கைகளும் சுனைகளும் கண்மாய்களும் உள்ள அந்த ஊரைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022இல்தான் அறிவித்திருந்தார்கள். கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை மக்கள் திரண்டு வந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. ஊர் ஜெயித்தது, உண்மை. ஆனால் கிணறும் வயலும் என்ன ஆகும் என்று ஏலத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விக்காக ஒரு வட்டாரமே வேலையை விட்டுவிட்டுத் தெருவில் நின்றது.

இனி அந்தக் கேள்வியைக் கேட்கும் இடமும் இல்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில் உண்டு. நாட்டுக்கு அவசரம் என்கிறார்கள். அவசரம் என்றால் கிணறுகளை இன்றைக்கே அளக்கத் தொடங்கட்டும்.

அந்த விலக்கை ஒன்றிய அரசு திரும்பப் பெற வேண்டும். எந்தக் கனிமப் பகுதியானாலும், ஏல அறிவிப்புக்கு முன்பே நீர்மட்டக் கணக்கையும், கழிவு மண் குவியப் போகும் இடத்தையும், சுரங்கம் மூடிய பிறகு சீரமைக்க யார் பணம் கட்டுவார்கள் என்பதையும் தமிழில் அச்சிட்டு, கிராம சபையில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். தமிழகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் இதைக் கேட்க வேண்டும்.