கூட்டம் கலைந்த பிறகு என்ன மிஞ்சுகிறது?

செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு நாள். பெரியார் பிறந்த செப்டம்பர் 17-ஐத் தமிழக அரசு 2021 முதல் சமூக நீதி நாளாகக் கடைப்பிடிக்கிறது. டிசம்பர் 10 மனித உரிமை நாள். பிப்ரவரி 20 உலக சமூக நீதி நாள். ஏப்ரல் 14 சமத்துவ நாள். கல்வியும் நீதியும் எல்லோருக்கும் பொது என்பதை நினைவூட்ட நாட்காட்டியில் இத்தனை நாட்கள் இருக்கின்றன. உறுதிமொழி, பேச்சுப் போட்டி, ஊர்வலம், சான்றிதழ் என ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் நடந்து முடிகிறது. இவற்றால் தீங்கு எதுவும் இல்லை. ஆனால் மக்களைக் கூட்டுவதன் நோக்கம் உண்மையிலேயே கல்வியும் நீதியும்தான் என்றால், அந்தக் கூட்டத்தை ஒரே கேள்வியால் அளக்க வேண்டும்: வந்தவர்கள் நேற்றுவரை செய்ய முடியாத எதை நாளை முதல் செய்வார்கள்? இதற்குப் பதில் இருக்கும் கூட்டம்தான் சமூகத்தை நகர்த்தியிருக்கிறது. நம் நாட்டின் அண்மை வரலாறே இதற்குச் சான்று.

1990-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச எழுத்தறிவு ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு மார்ச்சில் தாய்லாந்தின் ஜோம்தியனில் கூடிய உலக மாநாடு 'அனைவருக்கும் கல்வி' என்ற இலக்கை முன்வைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே கேரளத்தின் எர்ணாகுளம், நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த வழியில் தமிழகத்திலும் மாவட்டம் மாவட்டமாக அறிவொளி இயக்கம் பரவியது. அரசு நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் கைகோத்த முயற்சி அது. கலைஜாதாக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று வீதி நாடகம் போட்டன, பாட்டுப் பாடின. ஆனால் நாடகம் முடிந்ததும் அவர்களின் வேலை முடிந்துவிடவில்லை. படிக்க வருவோரின் பெயரை எழுதிக்கொண்டார்கள். எந்தத் தெருவில், யார் வீட்டுத் திண்ணையில் இரவு வகுப்பு நடத்துவது என்று அங்கேயே முடிவு செய்தார்கள். பாடம் 'பட்டா' என்ற சொல்லில் தொடங்கியது. நிலமற்ற ஒரு கூலித் தொழிலாளி முதலில் எழுதிப் பழகிய சொல் அவர் வாழ்க்கையின் மையக் கேள்வியாகவே இருந்தது.

புதுக்கோட்டை மாவட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1991-92 காலத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டது. ஒரு லட்சம் கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் பழகியதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே அவர்கள் ஓட்டினார்கள். விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், தண்ணீர் எடுக்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் கணவனையோ அண்ணனையோ எதிர்பார்த்திருந்த நிலை தளர்ந்தது. ஒப்பந்தக்காரர்களிடம் அடிமைப்பட்டுக் கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே அதே மாவட்டத்தில் கல்குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகையும் கணக்கும் கைக்கு வந்தபோது எழுதப் படிக்கத் தெரிவது அவர்களுக்கு அன்றாடத் தேவையாகிவிட்டது. 'பெண் சமம்' என்று ஆயிரம் மேடைகளில் முழங்கினாலும், ஒரு சைக்கிளும் ஒரு குத்தகைப் பத்திரமும் தந்த சமத்துவத்தை அந்த முழக்கம் தந்திருக்காது.

பக்கத்து ஆந்திரத்தில் எழுத்தறிவு வகுப்பு அரசின் கொள்கையையே அசைத்தது. நெல்லூர் மாவட்டத்தில் புதிதாகப் படிக்கக் கற்ற பெண்கள், சாராயத்தால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதையைப் பாடமாகப் படித்தார்கள். படித்தது தங்கள் வீட்டுக் கதை என்பதை உணர்ந்த துபகுண்டா கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடிச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். 1992-இல் அந்த எதிர்ப்பு மாவட்டம் முழுவதும் பரவியது. சாராயக் கடை ஏலங்களையே நடத்த முடியாமல் போயிற்று. 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. இதே போல ராஜஸ்தானில், 1994 டிசம்பரில், கோட்கிரானா என்ற கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு தன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசுப் பணிகளின் வருகைப் பதிவேடுகளை மக்கள் முன்னிலையில் உரக்க வாசித்தார்கள். வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை ஊரே கேட்டது. அத்தகைய கூட்டங்களும் 1996-இல் பியாவர் நகரில் 40 நாட்கள் நீடித்த தர்ணாவும் கிளப்பிய கோரிக்கைதான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்து நின்றது. பதிவேட்டில் உள்ள தன் பெயரும் அதற்கு எதிரே உள்ள தொகையும் காதில் விழும்போது, நீதி என்பது தன்னைப் பற்றியது என்பதை எவரும் எளிதில் விளங்கிக்கொள்வார்கள்.

இதெல்லாம் அரசியல், கல்வியோடு இதைக் கலக்கக் கூடாது என்பது பலர் சொல்லும் மறுப்பு. கட்சி அரசியல் வகுப்பறைக்குள் வரக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் நெல்லூர்ப் பெண்களுக்கு எந்தக் கட்சியும் சாராயக் கடையைச் சுட்டிக் காட்டவில்லை. படிக்கக் கற்றவர் தன் வாழ்க்கையையும் படிக்கத் தொடங்குவார். அதைத் தடுத்துவிட்டுக் கல்வி மட்டும் தருகிறோம் என்பது நடவாத காரியம். உலகக் கல்வி, உலக நீதி என்பதெல்லாம் வெளிநாட்டு மாநாட்டுப் பேச்சு, நம் ஊருக்கு அதில் என்ன இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். ஜோம்தியனில் பேசியதும் புதுக்கோட்டைத் திண்ணையில் நடந்ததும் ஒரே காலத்தின் ஒரே முயற்சி. உலக இலக்கு ஒன்று ஊரின் கேள்வியாக மாறும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது. அப்படி மாறாவிட்டால், குறை அந்த இலக்கில் இல்லை. அதை வெறும் பதாகையாகக் கட்டித் தொங்கவிட்ட நம்மிடம் இருக்கிறது.

இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: அறிவொளியின் வேகம் நிலைக்கவில்லை; கற்ற எழுத்தைப் பலர் மறந்தார்கள்; ஆந்திரத்தின் மதுவிலக்கும் பின்னர் தளர்த்தப்பட்டது; அப்படியிருக்க இத்தகைய எழுச்சிகளால் என்ன பயன்? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சரிவு எங்கே தொடங்கியது என்று பார்க்க வேண்டும். மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்த பிறகு, தொடர் கல்விக்கு முந்தைய அக்கறையோ ஆளோ இல்லாமல் போயிற்று. ராஜஸ்தான் இயக்கமோ தன் கூட்டங்களை ஒரு சட்டத்தில் கொண்டுபோய் ஊன்றியது. அதன் மக்கள் விசாரணையின் வழியில், தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்திலேயே கிராம சபையின் சமூகத் தணிக்கை இடம்பெற்றது. ஆக, எழுச்சி பயனற்றது என்பதல்ல இதில் உள்ள பாடம். அது நிலைக்க வேண்டுமானால் சட்டப்பூர்வமான ஓர் அமைப்பைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதே.

அந்த அமைப்பு இன்று நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய இடம் வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும் நிதிச் செலவைக் கண்காணிப்பதும் அக்குழுவின் பொறுப்பு. எனவே செப்டம்பரில் எழுத்தறிவு நாளையும் சமூக நீதி நாளையும் கொண்டாடும் ஊர்கள், பேச்சுப் போட்டியோடு இன்னொன்றையும் செய்யட்டும். பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கல்வி உதவித்தொகை யார் யாருக்கு வந்து சேரவில்லை, எந்தப் பிள்ளை இடையில் நின்றது என்ற விவரங்களை எல்லோர் முன்னும் வாசிக்கட்டும். கூலி வேலைக்குப் போவோர் பகலில் வர முடியாது என்பார்கள். அறிவொளி வகுப்புகள் இரவில்தான் நடந்தன, கூட்டத்தையும் மாலையில் வைக்கலாம். எழுந்த கேள்விகளைத் தீர்மானமாக எழுதி, யார் எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று குறித்து, அடுத்த கூட்டத்தை அந்தத் தீர்மானத்திலிருந்தே தொடங்க வேண்டும். இதற்குத் தனி நிதியும் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். கணக்கைக் காட்டும் மனம் பள்ளிக்கும் நிர்வாகத்துக்கும் வேண்டும். கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.