சிரட்டைக் குழியும் ஒரு பந்தும்



சென்ற மாதம் வாழ்வாதாரக் கடன் பற்றி எழுதினேன். இந்த மாதம் விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன், அதுவும் கோல்ப் விளையாட்டைப் பற்றி. பணக்காரரின் விளையாட்டுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் பக்கத்தைப் புரட்டப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் மகளிர் சங்கத்தினர் மாதாமாதம் காசு சேர்த்து நுவரெலியாவுக்கு ஒரு சுற்றுலா போனோம். நெடுங்கேணியில் பின்னேரம் ஏறி, புளியங்குளம், வவுனியா, மாத்தளை, கண்டி என்று இரவிரவாகப் பஸ் ஓடியது. விடிய சீதாஎலியவில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, மத்தியானம் நகருக்குள் வந்து வாவிக்கரையில் இறங்கினோம். அழகான புல்தரை. சோற்றுப் பார்சல்களைப் பிரிக்கலாம் என்றேன். ஒருவரும் புல்லில் இறங்கவில்லை. நாற்பது பெண்களும் சீமெந்துக் கட்டிலேயே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். "என்னக்கா, இருங்கோவன்" என்றேன். "புல்லுக்குள்ள கால் வைக்க மனம் வருகுதில்லை மிஸ்" என்றார் ஒரு அக்கா. அவரின் வலது கால் ஜெய்ப்பூர்க் கால்.

அந்த இடத்தில் வெடி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிவது தலைக்கு. கால்கள் வேறு பாடம் படித்திருக்கின்றன. மீள்குடியேறிய நாளிலிருந்து நடந்த தடத்தை விட்டு விலகாதே, புல் வளர்ந்த இடத்தில் விறகு பொறுக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது. இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. வெடியகற்றும் வேலையில் எங்கள் பெண்களே நூற்றுக்கணக்கில் முழந்தாளில் இருந்து வேலை செய்திருக்கிறார்கள். இருந்தும் பச்சையாக ஒரு நிலத்தைக் கண்டால் முதலில் வருவது பயம்தான்.

சாப்பிட்ட பின் நகரை நடந்து பார்த்தோம். ஊரின் நடுவிலேயே பெரிய மரங்களுக்கு இடையில் புல்வெளி ஏறியும் இறங்கியும் கிடக்கிறது. அதுதான் நுவரெலியா கோல்ப் கழகம். வெள்ளைக்காரர் 1889இல் தொடங்கியது; 18 குழிகள். தெருவோரமாக நின்று பார்த்தோம். ஒருவர் கம்பியால் பந்தை அடித்துவிட்டு அது விழுந்த இடத்துக்கு ஆறுதலாக நடந்து போனார். பின்னால் ஒருவர் தடிகள் நிறைந்த பையைத் தோளில் சுமந்துகொண்டு போனார். எங்களோடு வந்த ஒரு அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுத் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். "எங்க மாமா இந்த வேலதான் செஞ்சாரு. பை தூக்குவாரு, பந்து தேடுவாரு. ஒரு தரம் கூட அடிச்சதில்ல" என்றார்.

அந்தப் பேச்சோடு பஸ்ஸில் வரும்போது ஆளுக்கொரு கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். வீடு வந்து வாசித்து அறிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

கோல்ப் ஸ்கொட்லாந்தில் வளர்ந்த விளையாட்டு. சிறிய பந்தை எத்தனை அடியில் குழிக்குள் விழுத்துகிறோம் என்பதே கணக்கு. மற்ற விளையாட்டுகளில் கூட எடுத்தவர் வெல்வார். இதில் குறைய அடித்தவர் வெல்வார். ஒருவர் பந்தை மற்றவர் தொடுவதில்லை. கூடச் செல்பவர்கள் பார்த்திருந்தாலும், தன் அடிகளுக்குத் தானே பொறுப்பு. குழியின் அகலம் 108 மில்லிமீற்றர், ஏறத்தாழ ஒரு நல்ல தேங்காய்ச் சிரட்டையின் வாய். கடற்கரை மணற்பாங்கில் அமைந்த திடல் ஒரு வகை. மரங்களும் புல்லுமாகப் பூங்கா போல் உள்நாட்டில் அமைந்தது இன்னொரு வகை. 18 குழித் திடலுக்கு நூறு ஏக்கருக்குக் குறையாமல் நிலம் வேண்டும், தண்ணீரும் வேண்டும். கால் ஏக்கர் காணிக்குப் பத்திரம் கேட்டு அலைகிற எங்களுக்கு அதைக் கேட்க வயிறு எரியும்தான். ஆனால் ஒன்பது குழியோடு, குறுகிய தூரங்களோடு, நகரசபைகள் குறைந்த கட்டணத்துக்கு நடத்துகிற சிறு திடல்களும் பல நாடுகளில் இருக்கின்றன.

ஸ்கொட்லாந்தில் மசல்பரோ என்ற கடற்கரை ஊரில் மீன் விற்கும் பெண்கள் கோல்ப் விளையாடினார்கள். 1811ஆம் ஆண்டு புத்தாண்டு நாள் ஆட்டத்தில் சிறந்த மீன்காரப் பெண்ணுக்குப் புதிய மீன்கூடையும் ஒரு சால்வையும் பட்டுக் கைக்குட்டைகளும் பரிசு என்று அவ்வூர்க் கழகம் அறிவித்தது. மீன்கூடையைப் பரிசாகக் கொடுக்க நினைத்தவருக்கு அந்தப் பெண்களின் வாழ்க்கை தெரிந்திருக்கிறது! ஆனால் உயர்குடிப் பெண்களுக்கு இந்தச் சுதந்திரம் இருக்கவில்லை. தோளுக்கு மேல் தடியை ஓங்குவது பெண்ணுக்கு அழகல்ல என்ற எண்ணம் அன்று இருந்தது. சென் அன்ட்ரூசில் 1867இல் பெண்கள் தங்களுக்கென்று ஒரு கழகம் அமைத்து, பந்தை உருட்டி மட்டும் விளையாடும் சின்னத் திடலில் ஆடினார்கள். மேடும் பள்ளமுமாக இருப்பதால் அதற்கு 'இமாலயம்' என்று பெயர். இன்றும் சிறு கட்டணத்தோடு யாரும் போய் ஆடலாம். அதே ஊரில் 1754இல் தொடங்கிய ஆண்களின் பெரிய கழகம் பெண்களை உறுப்பினராக்கச் சம்மதித்தது 2014இல்தான்.

பை தூக்கிய மாமாவின் கதையைக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தவர் பப்வா செவ்கோலம். தென்னாபிரிக்காவின் டர்பனில் ஏழை இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பை தூக்கிக்கொண்டே விளையாட்டைக் கற்றார். தடியைப் பிடிக்கும்போது மற்றவர்களுக்கு மேலே இருக்கும் கை இவருக்குக் கீழே இருக்கும். ஒல்லாந்துப் பகிரங்கப் போட்டியை மூன்று தடவை வென்றார். 1963இல் சொந்த ஊரில் நேற்றால் பகிரங்கப் போட்டியை வென்றபோது, நிறவெறிச் சட்டத்தினால் கழகக் கட்டடத்துக்குள் போக முடியாமல் மழையில் வெளியே நின்று கிண்ணத்தை வாங்கினார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. பின்னர் போட்டிகளில் ஆடவே தடை போட்டார்கள். 1978இல் காலமானார். டர்பனில் பொதுமக்கள் ஆடும் திடல் ஒன்று இன்று அவர் பெயரில் இருக்கிறது.

இதையெல்லாம் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது, "அப்ப நாங்களும் ஒண்டு போடுவமே" என்று கேட்டது அந்த அறுபத்திரண்டு வயது அம்மாதான்.

முன்பள்ளிக்குப் பின்னால் நான்கு புளியமரங்களும் ஒரு வேம்பும் நிற்கிற காணி இருக்கிறது. பிள்ளைகள் நாளும் பொழுதும் ஓடித் திரிகிற இடம். ஆகவே நிலத்தைப் பற்றிக் கேள்வி இல்லை. (நீங்களும் செய்வதானால் இப்படிப் புழக்கமான இடத்தையே எடுங்கள். பற்றை ஓரம் வேண்டாம். சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.) ஒன்பது பெரிய சிரட்டைகளை வாய் மேலே இருக்கும்படி மண்ணோடு மட்டமாகப் புதைத்தோம். தூரம் பத்து எட்டிலிருந்து முப்பது எட்டு வரை. பழைய தும்புத்தடிப் பிடியின் நுனியில், தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட முதிரைத் துண்டை இறுக்கித் தடி செய்தோம். பந்து, பெடியன்கள் கிரிக்கெட் அடித்துத் தேய்ந்துபோன ரெனிஸ் பந்து. முதல் நாள் செலவு ஆணிக்கு மட்டும்தான்.

வியாழக்கிழமைகளில் பின்னேரம் நான்கரைக்குக் கூடுகிறோம். எல்லோரையும் விட நன்றாக ஆடுபவர் முன்பு வெடியகற்றும் வேலை செய்த தங்கச்சி. பந்துக்குப் பின்னால் குந்தியிருந்து நிலத்தை அப்படிப் பார்ப்பாள். எங்கே சரிவு, எங்கே வேர் தள்ளி நிற்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் தட்டுவாள். "எட்டு வருசம் நிலத்தைத்தானே மிஸ் பாத்தனான்" என்று சிரிக்கிறாள்.

கோல்பில் 'ஹன்டிகப்' என்றொரு முறை உண்டு. வல்லவரும் புதியவரும் சேர்ந்து ஆடுவதற்காக, ஆற்றல் குறைந்தவரின் கணக்கில் சில அடிகளைக் கழித்துவிடுவார்கள். படிவங்களில் 'மாற்றுவலு' என்று அடையாளமிடும் இடத்தில் முன்பு இருந்த ஆங்கிலச் சொல்லும் இதுவே. ஜெய்ப்பூர்க் கால் அக்காவுக்கு ஒன்பது அடி கழிப்பது என்று தீர்மானித்தோம். முதற்கிழமை பேசாமல் ஏற்றுக்கொண்டார். மூன்றாம் கிழமை, "எனக்கு நாலு காணும்" என்றார். இப்போது இரண்டில் நிற்கிறார். வாவிக்கரையில் புல்லில் இறங்காத அதே அக்கா பந்து புல்லுக்குள் உருண்டால் தானே போய் எடுக்கிறார். ஆனால் மழைக்குப் பிறகு புல் உயர்ந்தால் இப்போதும் நின்றுவிடுவார்; வேறு யாராவது எடுத்துக் கொடுப்போம்.

எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு சகோதரியின் கணவர் 2009இல் காணாமற்போனவர். மாமியோடு இருக்கிறார். இரண்டு கிழமை அவர் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். மாமி வெற்றிலை இடித்துக்கொண்டே, "என்ரை பிள்ளை எங்கையெண்டு தெரியாமல் கிடக்கு. இவ பந்தடிச்சுச் சிரிக்கிறாவாம். சனம் என்ன சொல்லும்?" என்று கேட்டார். அந்தத் தாயிடம் உரிமை, உளநலம் என்றெல்லாம் பேச எனக்கு வாய் வரவில்லை. அவர் கோபப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. மருமகள் அழுவதற்கு மட்டும்தான் இருக்கிறாளா என்று கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. தேத்தண்ணி குடித்துவிட்டு, அந்த மகனின் படத்தைப் பார்த்து, அவர் சின்ன வயதில் கிட்டிப்புள் அடித்த கதையை மாமி சொல்லக் கேட்டுவிட்டு எழும்பி வந்தேன்.

அடுத்த வியாழன் மருமகள் வந்தார். அதற்கடுத்த வியாழன் பேரனைக் கூட்டிப் போகிற சாட்டில் மாமியும் வந்து வேலியடியில் நின்றார். சிரிக்கவில்லை. மருமகள் நான்காம் குழிக்குத் தடியை ஓங்கும்போது, "வேருக்கு அங்கால அடி பிள்ளை, இங்கால அடிச்சால் திரும்பி வரும்" என்றார்.