ரதி வேஷம் கட்டினவரிடம் யார் கேட்டது?

"அதுக்கு சோர்ஸ் இல்லையே. இங்க அப்புடி ஒன்னும் இருக்கல்ல."

மலையகத்தில் பாலியல் சிறுபான்மையினரின் வரலாறு பற்றி ஆய்வு செய்யப்போறோம் என்று வாயைத் திறந்தால் கம்பஸில் கிடைக்கிற பதில் இதுதான். இந்த இரண்டு வசனங்களோடதான் எங்களுக்குச் சண்டை. சோர்ஸ் என்பது மழைக்கு முளைக்கிற காளான் இல்லை. யாராவது காசு போட்டு, நேரம் போட்டு, ஒரு பெட்டியில் எடுத்து வைத்தால்தான் அது சோர்ஸ்.

ஆகத் தூரமான உதாரணத்தில் இருந்தே தொடங்குவோம். 1991இல் சக் ரென்ஸ்லோவும் டோனி டிபிளேசும் சிக்காகோவில் லெதர் ஆவணக் காப்பகத்தை ஆரம்பித்தார்கள். தோலுடை போட்டு, கட்டுவது, அடிப்பது, எசமான்–அடிமையாக நடிப்பது என்று, இரண்டு பக்கமும் சம்மதித்த ஆசைகளைச் சுற்றிக் கூடியவர்கள்தான் இந்த லெதர் சமூகம். பெரும்பாலும் தன்பாலீர்ப்பு ஆண்கள். எய்ட்ஸில் அவர்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. செத்தவனுடைய கடிதம், படம், ஜாக்கெட் எல்லாத்தையும் குடும்பம் வெட்கத்தில் குப்பைக்குப் போட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் காப்பகம். இன்றைக்கு அது ஒரு பழைய யூத ஜெபாலயக் கட்டடத்தில் இருக்கிறது. வெளியூர் ஆய்வாளர்கள் வந்து தங்கிப் படிக்க உதவித்தொகையும் கொடுக்கிறது. அதற்கும் முன்னால், 1978இலேயே கேல் ரூபின் சான் பிரான்சிஸ்கோவின் லெதர் ஆண்களிடையே களஆய்வைத் தொடங்கி, 1994இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் வாங்கினார். அவருக்கும் யாரும் சோர்ஸை மேசையில் அடுக்கி வைத்திருக்கவில்லை.

"அதெல்லாம் வெள்ளைக்காரன்ட வேலை" என்பீர்கள். மாத்தளை டவுனில் இருந்து தம்புள்ளை ரோட்டில் மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. வாய்மொழியாக வந்த திரிபிடகத்தை வலகம்பா மன்னர் காலத்தில் அங்கேதான் ஓலையில் எழுதினார்கள் என்று சொல்லப்படுகிறது. ஏன் எழுதினார்கள்? பஞ்சமும் போரும் வந்து, மனப்பாடமாக வைத்திருந்த பிக்குகள் செத்துக்கொண்டிருந்தார்கள். வேதத்தையும் லெதரையும் ஒன்றாக்குறோம் என்று கோபப்படவேண்டாம். நினைவைச் சுமக்கிற ஆள் சாகிறதுக்கு முதல் எழுதி வைக்கிற அவசரம் இந்த ஊருக்குப் புதுசு இல்லை என்றுதான் சொல்கிறோம்.

ஆனால் சிக்காகோவை அப்படியே இறக்குமதி செய்யவும் முடியாது. "லெதர் சமூகம்" என்பதைத் தமிழாக்கிப் பாருங்கள்: தோல் சமூகம். தமிழ்க் காதில் உடனே விழுகிறது ஆசை இல்லை, சாதி. தோலைத் தொட்டவனைத் தள்ளி வைத்த ஊர் இது. அதே தோல் கட்டிய தப்பை அடித்துத்தான் விடியக்காலையில் தோட்டத்து ஆட்களைப் பிரட்டுக்குக் கூப்பிட்டார்கள். பிரட்டில் கங்காணியின் பிரம்பும் தொரையின் பூட்ஸும் நின்றன. அங்கே அடி வாங்கியவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதனால்தான் "வலியில் விளையாட்டா, வெட்கமில்லையா?" என்று கேட்கிற பெரியவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்கிறோம்: சம்மதம் கேட்டு, வேண்டாம் என்றால் உடனே நிறுத்துகிற ஆட்கள் அசிங்கம், பிரம்போடு நின்றவனின் நாட்குறிப்பு மட்டும் வரலாறா?

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. மலையகம் 200. அதையொட்டிக் கண்காட்சி, மலர், கருத்தரங்கு என்று நிறைய நடந்தது, நல்லதே. கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, துண்டு எல்லாம் பார்த்தோம். அந்த லயத்து ஆட்களுக்கு ஆசை என்று ஒன்று இருந்த மாதிரியே தெரியவில்லை!

ஏன், காமன் கூத்து இல்லையா? மாசியில் கம்பம் ஊன்றி, மன்மதனும் ரதியும் ஆடி, சிவன் எரித்து, ரதி ஒப்பாரி வைத்து, தோட்டமே கண்ணீர் விடுகிற கூத்து. ரதியாகச் சேலை கட்டி ஆடுகிறவர் ஆண். அவர் யார், என்ன என்று நாங்கள் பட்டம் கட்ட வரவில்லை. அந்த வேஷத்துக்குள் அவருக்கு என்ன நடந்தது, கூத்து முடிந்து சேலையைக் கழற்றியபிறகு ஊர் அவரை எப்படி நடத்தியது என்று யாராவது உட்கார்ந்து கேட்டார்களா? பாட்டை எழுதினார்கள், தாளத்தை எழுதினார்கள். ஆளை விட்டுவிட்டார்கள்.

அரசாங்கமும் வைத்திருக்கிறது, அது வேற மாதிரிப் பெட்டி. 1841 நாடோடிகள் கட்டளைச் சட்டம், 1883 தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365ஏ, 1927 ஆபாச வெளியீடுகள் சட்டம். 1995 திருத்தத்தில் 365ஏ பெண்களையும் சேர்த்துப் பிடித்தது. இதில் நம்மவர்கள் பதிவாகிற ஒரே இடம் பொலிஸ் புத்தகம். மற்றதெல்லாம் எரிந்தது. கொழும்பில் வசதியாக வாழ்ந்த லயனல் வென்ட் 1944இல் இறந்தபின் அவருடைய நெகட்டிவ்களே அழிக்கப்பட்டன என்றால், லயத்துக் காம்பிராவில் தகரப் பெட்டிக்குள் இருந்த ஒரு கடிதம் எந்த மூலைக்கு?

"சம்பளமே ஒழுங்கா இல்ல, காணி இல்ல, இப்ப இதுவா முக்கியம்?" என்கிற தோழர்களுக்கு: சம்பளப் போராட்டத்தில் நிற்கிறவர்களிலும் இந்த ஆட்கள் இருக்கிறார்கள். சம்பளம் கூடும்வரை அவர்கள் தங்கள் கதையைப் பொத்திக்கொண்டு இருக்கவேண்டுமா? இருநூறு வருஷமாகக் கூடுது, கூடுது.

கொழும்பில் இருந்து வருகிற ப்ரொஜெக்ட்காரர்கள் மேலும் கோபம்தான். ஹோட்டலில் ஒருநாள் வேர்க்ஷொப், டீ-ஷேர்ட், குரூப் போட்டோ. மூன்று மாதத்தில் ப்ரொஜெக்ட் முடியும், பேசினவர்களின் குரல் யாரோ ஒருவரின் லெப்டொப்போடு போகும்.

எங்களுக்கு வேண்டியது அவ்வளவு பெரிய காசு இல்லை. நல்ல ரெக்கோடர், பஸ் காசு, பூட்டுப் போட்ட ஒரு அலுமாரி. பேச வருகிறவருக்கு அன்றைய முழுப் பேருக்கான சம்பளம், அரைப் பேருக்கு இல்லை. சும்மா வந்து கதை சொல்லுங்கள் என்பது தொரைத்தனம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் தன்னார்வலர்களை வைத்து ஈழத்துத் தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றியது. வழி தெரியாத வேலை இல்லை இது. ஒரே வித்தியாசம், எல்லாத்தையும் உடனே திறந்து வைக்கமுடியாது. 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் 365, 365ஏயைத் திருத்தும் சட்டமூலத்தில் அரசியலமைப்புத் தடை இல்லை என்றது, ஆனாலும் சட்டம் இன்னும் புத்தகத்தில்தான் இருக்கிறது. ஆகவே பெயர் மூடி இருக்கவேண்டும், எப்போது திறப்பது என்பதைச் சொன்னவரே முடிவு செய்யவேண்டும், வேண்டாம் என்றால் அழிக்கவேண்டும். பல்கலைக்கழக ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதுகிற சேர்மாரே, இந்த நிபந்தனைகளை அப்படியே போட்டு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். மாசிக்கு முதல் காசு வந்தால், கம்பம் ஊன்றுகிற அன்றைக்கே தோட்டத்தில் நிற்போம்.