மரம் பாதி, தந்தி பாதி

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நாம் அடிக்கடி கேட்கும் பழமொழி. இசைக்கருவிக்கும் இது பொருந்தும் என்று சொன்னால் தோழியர் சிலர் சிரிக்கக்கூடும். ஆயினும் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி எனக்கு இந்த உண்மையை உணர்த்தியது.

என் சித்தப்பா வெளிநாட்டிலிருந்து வந்தபோது என் தங்கைக்கு ஓர் உகுலேலே வாங்கி வந்தார். கிதாருக்குப் பிறந்த குழந்தை போலிருக்கும், நான்கே தந்திகள். ஒட்டுப்பலகை அன்று, முழு மகோகனிப் பலகையால் செய்தது. அதன் இனிய ஒலி வீட்டில் எல்லோரையும் கவர்ந்தது. சில மாதங்களில் ஒரு தந்தி அறுந்தது. ஒரு கடையில் கொடுத்து நான்கையும் புதிதாக மாற்றி வாங்கினோம். அன்று தொடங்கியது தொல்லை. வெறுந்தந்தியை மீட்டினால் சுருதி சரியாக இருக்கும். விரலால் அழுத்தினால் சுருதி ஏறிவிடும். கேட்டவர்கள், "பிள்ளைக்குச் சுருதி ஞானம் போதாது" என்றார்கள். "எனக்குப் பாட்டு வராது அக்கா" என்று அவளும் நம்பிவிட்டாள். உகுலேலே அலமாரியின் உச்சிக்குப் போயிற்று.

ஓராண்டு கழித்து, கருவிகளைப் பற்றி நன்கு அறிந்த ஒருவர் எங்கள் வீட்டிற்கு வந்தார். அதைக் கையில் எடுத்ததுமே, "குற்றம் குழந்தையிடம் இல்லை அம்மா. சின்னக் கருவிக்குப் பெரிய கருவியின் தந்தியைப் போட்டிருக்கிறார்கள்" என்றார். தடித்த தந்தி, கழுத்தின் தலைப்பிலுள்ள பள்ளத்தில் அடங்காமல் மேலேயே நின்றிருக்கிறது. அழுத்தும்போது அளவுக்கு மீறி இழுபட்டதால் சுருதி ஏறியிருக்கிறது. அளவான தந்தி போட்டதும் ஒலி ஒழுங்காயிற்று. ஆனால் என் தங்கை இழந்த ஓராண்டையும் தன்னம்பிக்கையையும் யார் திருப்பித் தருவார்?

ஆகவேதான் சொல்கிறேன்: கருவியையோ பிள்ளையையோ குறை கூறுமுன் தந்தியைப் பாருங்கள்.

உகுலேலேயின் கதை சுவையானது. 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு 'ரேவன்ஸ்கிராக்' என்னும் கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்த மூன்று தச்சர்கள், தங்கள் நாட்டுச் சிறு கிதாரைத் தழுவி ஹவாயில் விளையும் கோவா மரத்தில் செய்ததே உகுலேலே. மன்னர் கலாகௌவா அதனை அரண்மனை விழாக்களில் ஏற்றுப் போற்றினார். 1915-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சி அதனை அமெரிக்கா முழுவதும் பரப்பிற்று. அதையொட்டி மார்ட்டின் நிறுவனம் மகோகனி மரத்தில் உகுலேலேகளைச் செய்து விற்றது. மகோகனிக் கருவிகளின் புகழ் அன்று தொடங்கியது.

அந்நாளில் தந்திகள் விலங்கின் குடல்நரம்பால் ஆனவை. நம் முன்னோரும் யாழின் தந்தியை 'நரம்பு' என்றுதானே அழைத்தனர்! இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் அந்த இடத்தைப் பிடித்தது. பிறகு, தூண்டில் கயிறாகப் பயன்படும் ஃபுளோரோகார்பனும் தந்தியாயிற்று. இத்தாலி நாட்டின் அகுயிலா நிறுவனம் குடல்நரம்பின் ஒலியை ஒத்த 'நைல்கட்' என்னும் செயற்கைத் தந்தியைக் கொணர்ந்தது.

இவற்றுள் வேற்றுமை என்ன? நைலான் எடை குறைந்தது. ஆகவே தாழ்ந்த சுரத்திற்குத் தடிமனாக இருக்க வேண்டும். ஒலி மென்மையாகவும் உருண்டையாகவும் வரும். ஆனால் தடித்த மூன்றாம் தந்தி சில கருவிகளில் 'தொப்' என்று அடங்கிவிடும். காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் மழைக்காலத்தில் சுருதியும் நழுவும். ஃபுளோரோகார்பன் நைலானைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. ஆகவே அதே சுரத்திற்கும் அதே இழுப்பிற்கும் ஐந்தில் ஒரு பங்கு மெல்லியதாக இருந்தால் போதும். ஒலி தெளிவாகக் கிளம்பும். ஈரமும் அதனை அவ்வளவாகப் பாதிக்காது. நைல்கட் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

அடுத்தது அளவு. தந்தி அதிரும் நீளம் சொப்ரானோ வகையில் சுமார் 13 அங்குலம். கான்சர்ட் வகையில் 15. டெனர் வகையில் 17. ஒரே தந்தியை ஒரே சுரத்தில் 13 அங்குலத்திலிருந்து 17 அங்குலத்திற்கு மாற்றினால், இழுப்பு சுமார் 70 விழுக்காடு கூடிவிடும். பௌதிக வகுப்பில் நாம் படிக்கும் விதிதான் இது! சுருதியும் இதில் சேரும். பொதுவாக ஜி, சி, இ, ஏ என்று சுருதி சேர்ப்பார்கள். 1967 முதல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரப் பள்ளிகளில் உகுலேலேயைப் பரப்பிய சாமர்ஸ் டோன் என்ற ஆசிரியர், ஒரு முழுச் சுரம் உயர்த்திச் சேர்க்கும் முறையைக் கையாண்டார். அவ்வாறு உயர்த்தினால் இழுப்பு கால் பங்கு கூடும். ஆகவே, "உகுலேலே தந்தி கொடுங்கள்" என்று மட்டும் கேட்பது, "செருப்பு கொடுங்கள்" என்று கால் அளவு சொல்லாமல் கேட்பதற்கு ஒப்பாகும்.

இனி முழு மகோகனிக்கு வருவோம். அதன் இயல்பான குரல் இதமானது. நடுத்தர ஒலிகளில் நிறைவு பெற்றது. இங்கே கருத்து வேறுபாடு எழுகிறது. மகோகனியின் மென்மையை ஈடுசெய்ய எப்போதும் கூர்மையான ஒலி தரும் தந்தியே வேண்டும் என்பர் சிலர். மென்மையான மரத்திற்கு மென்மையான தந்தியே பொருந்தும் என்பர் வேறு சிலர். இரண்டுமே பாதி உண்மை என்பது என் தாழ்மையான கருத்து. கருவி எதற்கு என்பதுதான் முதற் கேள்வி. பாடுபவளின் குரலுக்குத் துணையாக மீட்டுவதற்கு நைலானோ நைல்கட்டோ இதம். குரலை அது மூடாது. தனியாக ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் மெல்லிய ஃபுளோரோகார்பன் சிறந்தது. மூன்றாம் தந்தி மந்தமாக ஒலிக்கும் கருவிக்கும் அதுவே மருந்து. ஆனால் ஓசை பெருகட்டும் என்று இழுப்பு மிகுந்த தந்தியைப் பூட்டுவது தவறு. 2 மில்லிமீட்டர் கனத்தை ஒட்டிய மெல்லிய பலகை தாராளமாக அதிர வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஓசை பெருகுவதற்கு மாறாகச் சுருங்கவும் கூடும். பிஞ்சு விரல்களும் நோகும். கிதாரின் எஃகுத் தந்தியையோ ஒருபோதும் போடலாகாது. பாலமே பெயர்ந்து வரலாம்.

"பழகப் பழக எல்லாம் வந்துவிடும், தந்தியில் என்ன இருக்கிறது?" என்று பெரியோர் சிலர் கேட்கலாம். பழக்கத்தின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் தவறான சுருதியில் நாள்தோறும் பழகும் செவி, தவறையே சரியென்று கற்றுக்கொள்ளும் அல்லவா? வேறு சிலர், "இது சரியில்லை, புதிது வாங்கு" என்பார்கள். பெரிய இலை மகோகனி, அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2003 முதல் இடம்பெற்றுள்ளது. பல்லாண்டு வளர்ந்த மரத்தை நான்கு தந்திகளின் பிழைக்காக ஒதுக்குவது நியாயமா?

ஆகவே தோழியரே, முதலில் உங்கள் கருவியின் நீளத்தை அளந்து கொள்ளுங்கள். அதற்குரிய தந்தியில் இரண்டு வகையை வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். புதுத்தந்தி சில நாள் நெகிழ்ந்துகொண்டே இருக்கும். அது நிலைபெறும் வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள். விளம்பரமோ விலையோ முடிவு செய்ய வேண்டாம். உங்கள் செவியும் விரலும் முடிவு செய்யட்டும்.

என் தங்கை இப்போது தினமும் மாலையில் மீட்டுகிறாள். சில நாள் தவறும் செய்கிறாள். ஆனால் "எனக்கு வராது" என்ற சொல் அவள் வாயிலிருந்து இப்போது வருவதில்லை. வீட்டிலும் வகுப்பிலும் "இவளுக்கு வராது" என்று நாம் ஒதுக்கிவைத்தவர்கள் எத்தனை பேரோ! அவர்களுக்குப் பொருந்தாத தந்தியைப் பூட்டியவர்கள் நாமாகவும் இருக்கலாம். சிந்திப்போமா?