மேப்பிள் இலை எதுக்கு? வாதாம் இலை இருக்கே!

ஓவியப் போட்டியில் 'இலையுதிர் காலம்' என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். நம் பிள்ளைகளில் பலரும் செக்கச்செவேல் என்று ஒரு மேப்பிள் மரத்தை வரைந்து, அடியில் ஒரு பெஞ்சையும் போட்டுவிடுவார்கள். செல்போனில் பார்த்து அப்படியே காப்பி! மதுரைப் பிள்ளைக்கும் மேப்பிள் மரத்துக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள்?

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியே கூட்டிப் போய்க் காட்ட வேண்டியது நாம்தான்.

கனடாவில் இலை சிவக்கிற அக்டோபரில் நமக்கு ஐப்பசி மழை. காய்ந்து கிடந்த ஊர் அப்போதுதான் பச்சை பிடிக்கும். நம்ம ஊர் இலையுதிர் காலம் மழை ஓய்ந்து, தை பிறந்த பிறகுதான். தெருமுனை வாதாம் மரத்தை நிமிர்ந்து பாருங்கள். ஒரே இலையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, ரத்தச் சிவப்பு! மாசி, பங்குனியில் அரசமரம் இலையைக் கொட்டிவிட்டு, செம்பு நிறத்தில் தளிர் விடும். மேலூர்ப் பக்கம் போனால் தை மாதத்தில் முற்றிய நெல்வயலின் மஞ்சள். ஒத்தக்கடையில் நின்றால் சாயங்கால வெயிலில் நிறம் மாறுகிற யானைமலை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"இலை ஏம்மா சிவக்குது?" என்று குழந்தை கேட்கும். உதிரும் முன் இலையில் உள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாவது. வாட்டர் கலரிலும் இதே வரிசைதான். முதலில் மஞ்சளை மெல்லிசாகப் பூசி, ஈரம் காய்வதற்குள் சிவப்பைத் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் தானாகக் கலந்து இலையாகிவிடும். பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது.

'ஆரோக்கியப் பத்திரிகையில் டிராயிங் வகுப்பா?' என்கிறீர்களா? விஷயம் கண்ணில் இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் அவர்களில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் சுமார் 40 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு இது. ஏற்கெனவே போட்ட கண்ணாடியை வெளிச்சம் கழற்றிவிடாது. ஆனால் கண்ணாடி போடும் நாளைத் தள்ளிப்போட உதவும்.

"மாசி, பங்குனி பரீட்சை நேரமாச்சே!" என்பீர்கள். அதனால்தான் சொல்கிறேன். புத்தகத்தையும் செல்போனையும் மாறி மாறிப் பார்த்துக் கண் களைத்துப்போகும் மாதங்கள் அவை. சாயங்காலம் வெயில் தணிந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே முக்கால் மணி நேரம் வெளியே விட்டால் மார்க் ஒன்றும் குறைந்துவிடாது.

மதுரையில் 1936-ல் பிறந்த ஓவியர் மனோகர் தேவதாஸை நினைத்துக்கொள்ளுங்கள். விழித்திரை நோயால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி வந்தபோதும், இந்த ஊரின் கோபுரங்களையும் மலைகளையும் பேனாவால் நுணுக்கி நுணுக்கி வரைந்தவர். 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது, 2022-ல் மறைந்தார். அவருக்கு வந்தது வேறு நோய்தான். ஆனால் கண் இருக்கும்போதே ஊரை உற்றுப் பார்க்க வேண்டும் என்பதற்கு அவரைவிட யாரைக் காட்டுவது?

அதனால் பெற்றோர்களே, வரும் தை மாதம் கலர் பெட்டி, ஒரு நோட்டு, பாட்டிலில் தண்ணீர்... இது போதும். செல்போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வண்டியூர் தெப்பக்குளத்தின் கரையோ, பக்கத்துத் தெரு மரத்தடியோ, எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள். கீழே விழுந்த ஒரு வாதாம் இலையைக் குழந்தையின் கையில் கொடுங்கள். படம் கோணலாக வந்தால் வரட்டும். அது அந்தக் குழந்தை தன் கண்ணால் பார்த்த நிறம்!