36-இலிருந்து 1729-ஐக் கட்டச் சொல்லுங்கள்

டிசம்பர் 22, தேசியக் கணித நாள். பள்ளிக்கூடங்களில் ராமானுஜன் படத்துக்கு மாலை போடுவோம். ஒரு மாணவி மைக்கில் டாக்ஸி எண் கதை சொல்வாள்: 1729, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு விதமாய் எழுத முடிகிற மிகச் சிறிய எண். கைதட்டியதும் கூட்டம் கலைந்துவிடும். திருப்பூரில் கணக்குச் சொல்லித் தரும் எனக்கு இது போதவில்லை. அவர் பிறந்த ஈரோடு நமக்குப் பக்கத்து ஊர். அவருடைய கணக்கைப் பிள்ளைகள் கையால் போட்டுப் பார்க்க வேண்டாமா?

என் வகுப்பில் பல பிள்ளைகளின் பெற்றோர் பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் வேலைக்குப் போகிறவர்கள். பெட்டிக்கு 36 பீஸ் என்றால் 2, 3, 4, 6, 9, 12, 18 என எப்படியும் மீதியில்லாமல் கட்டுப் போடலாம். 37 என்றால் முடியாது. இது அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரியும். இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட 12, 24, 36, 48, 60 போன்ற எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றுத் தந்தது அந்த ஆய்வுதான்.

பலகையில் 36 என்று எழுதுங்கள். அதன் ஒன்பது காரணிகளோடும் 1 கூட்டி, பகா எண்களை மட்டும் பொறுக்கினால் 2, 3, 5, 7, 13, 19, 37. அவற்றில் 36-ஐ வகுக்கும் 2, 3 இரண்டையும் விட்டுவிடுங்கள். மிச்சத்தில் எவற்றைப் பெருக்கி 36-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்? 7 × 13 × 19. பெருக்கினால் அதே 1729! 37-ஐயும் சேர்த்தால் 63,973. அதற்கும் மீதி 1.

இவை பகா எண் வேடம் போடும் பகு எண்கள். எந்த எண்ணையும் ஒரு பகா எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி, அதிலிருந்து அந்த எண்ணையே கழித்தால், விடை அந்தப் பகா எண்ணால் வகுபடும் என்றார் ஃபெர்மா. 1729-உம் இந்தச் சோதனையில் ஒவ்வொரு தடவையும் தேறிவிடும். இத்தகையவற்றுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். காரணிகள் மிகுந்த எண்ணில் தொடங்கும் இந்த வழியை 1956-இல் எர்டிஷ் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு, இவை முடிவில்லாதவை என்று 1994-இல் ஆல்ஃபோர்ட், கிரான்வில், போமரன்ஸ் மூவரும் நிறுவினார்கள். இந்த வேடத்துக்கு ஏமாறாத, வேகமான சோதனையை 2002-இல் தந்தவர்கள் கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா. வங்கிப் பரிமாற்றத்தின் பூட்டுகளே பெரிய பகா எண்களை நம்பி இருக்கும் காலத்தில் இதெல்லாம் பிள்ளைகளுக்கு எட்டாத சங்கதியாக இருக்கக் கூடாது.

பாடப்புத்தகம் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கக் கற்றுத் தருகிறது. பகா எண்களைச் சேர்த்து, நினைத்த குணமுள்ள எண்ணைக் கட்டவும் கற்றுத் தர வேண்டும். வரும் டிசம்பர் 22 அன்று பேச்சுப் போட்டியோடு ஒரு பீரியடை இதற்கு ஒதுக்குங்கள். 36 முடிந்ததும் 60-ஐக் கொடுங்கள். 7, 13, 31 மூன்றையும் சேர்த்து 2821-ஐப் பிள்ளைகளே கட்டிவிடுவார்கள்.